சோலையரின் கூர்க்காது

போன வாரம் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஜமுக்காளம் விரித்து வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சிறுவர் பத்திரிகையில் நான் எழுதிய ஃபேன்டஸி தொடரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். முடிந்ததும் கேள்வி நேரம்.

ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், எல்ஃபுக்கு மட்டும் எதுக்குக் காது கூர்ப்பா இருக்குது?"

நல்ல கேள்வி. எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் எல்ஃப் என்கிற அந்த வன தேவதைக்குக் கூர்க்காதுதான்... யார் வைத்தது, எதற்காக வைத்தது? நான் யோசிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் முந்திக்கொண்டாள். "தூரத்துல பேசறது கேக்கறதுக்குடி!"

"இல்லம்மா," என்றேன். "வேற யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குக் குளிர் தெரியும். காது நுனியில."

மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார். பதில் விளங்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நல்லவேளை, மணி அடித்தது. தப்பித்தேன்.

உங்களிடம் அப்படித் தப்பிக்க முடியாது. வாரா வாரம் படிக்கிறீர்கள், ஒரு வரி புரியாவிட்டாலும் கடிதம் போட்டுவிடுகிறீர்கள். எனவே அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு அனுமதியும் வாங்கிவிட்டேன். இந்த முறையாவது வாங்க வேண்டும் அல்லவா?

சில வருடங்களுக்கு முன்பு அந்தச் சிறுவர் மாத இதழின் ஆசிரியர் போன் செய்தார்.

"ஒரு தொடர் வேணும் மேடம். பன்னிரண்டு மாசம் ஓடணும். எல்ஃப் கண்டிப்பா வேணும். இப்போ பசங்களுக்கு எல்ஃப் இல்லாட்டி கதையே இறங்கறதில்லை."

சரி என்று சொல்லி வைத்த பிறகுதான் பயம் வந்தது. எல்ஃப் எப்படி இருக்கும்? படங்களில் பார்த்தால் பொன்னிறக் கூந்தல், பாலில் தோய்த்த தோல், நீலக் கண். நம் ஊர் மலையில் அப்படி ஒருத்தி நடந்து வந்தால் யார் எல்ஃப் என்று நினைப்பார்கள்? டூரிஸ்ட் என்று நினைத்து நாலு பேர் மிளகுப் பாக்கெட் விற்க வந்துவிடுவார்கள்!

நம் மலைக்கு நம் எல்ஃப்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பெயர் சுலபமாகக் கிடைத்தது — சோலையர். சோலைக்குள் வாழ்கிறவர்கள். அப்புறம் உடம்பு. உயரம்? காப்பிச் செடி அளவு. பாதம்? காய்ந்த சருகில் நடந்தாலும் சத்தம் வராது. நிறம்? மலையில் எடுத்த தேன். இதுவரைக்கும் ஓடியது. கழுத்துக்கு மேலே வந்ததும் பேனா நின்றுவிட்டது. முகமே இல்லாத ஜனங்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் எப்படி ஓட்டுவது?

மார்கழியில் ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். கரடியூர் போகிற வழியில் என் தோழிக்கு ஒரு சின்ன வீடு உண்டு. வாசலைத் தாண்டினால் காப்பித் தோட்டம். "ஒரு மாசம் இருந்து எழுது. சமையலுக்குக் கஸ்தூரி வருவா," என்று சாவியைக் கொடுத்தாள்.

கஸ்தூரிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். (கஸ்தூரி என்பது நான் வைத்த பெயர்.) தலைச்சோலை கிராமத்தில் வீடு. கணவர் பெருமாள் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். அவளும் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவள்தான். அப்போது நாலு மாதக் கர்ப்பம்.

"சரிவுல ஏறி எறங்க வேண்டாம்னு ஊட்டுக்காரரு சொல்லிட்டாருங்க. அதான் இங்க வந்தேனுங்க," என்றாள் முதல் நாள். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் பேசவில்லை. அமைதியான பெண். எதையாவது சொன்னால் தலையை வலது தோள் பக்கமாகச் சாய்த்துக் கேட்பாள். நீள நீளமான விரல்கள். அவள் கீரை ஆய்வதைப் பார்த்தால் வீணை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தலையில் எப்போதும் ஒரு கம்பளி ஸ்கார்ஃப், காதை மூடி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சு. மலையில் குளிருக்கு எல்லோரும் கட்டுவதுதான். ஆனால் பட்டப்பகலில், எரிகிற அடுப்பு முன்னால், நெற்றியில் வேர்வை வழிய வழிய யாராவது கட்டுவார்களா?

நான் கேட்கவில்லை. கேட்காமல் கவனிப்பதுதானே என் மாதிரி ஆட்களின் பிழைப்பு!

ஒரு நாள் மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடிய கஸ்தூரி, தெப்பலாக நனைந்து பின்வாசல் வழியாக வந்தாள். நான் ஹாலில் நிற்பதை அவள் பார்க்கவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பிழிந்தாள். கூந்தலை முன்னால் தள்ளித் துவட்ட ஆரம்பித்தாள்.

பார்த்தேன்.

அவளுடைய காதுகள் இரண்டும் மேலே வட்டமாக முடியவில்லை. கூராக முடிந்திருந்தன. வெற்றிலையைத் தலைகீழாக நிறுத்தினால் நுனி எப்படி இருக்கும்? அப்படி. நுனி லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பின்வாசல் வெளிச்சம் பட்டு மடல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? 'மறைத்து வைத்திருக்கிறாள், பாவம், நாம் பார்க்கக் கூடாது' என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றியது ஒரே ஒரு வார்த்தை...

கிடைத்துவிட்டது!

சத்தம் காட்டாமல் அறைக்குத் திரும்பி, உட்கார்ந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். 'சோலையரின் காது வெற்றிலை போல நுனியில் கூர்ந்திருக்கும். மூன்று மலைக்கு அப்பால் ஒரு பழம் விழுந்தாலும் அந்தக் காதுக்குக் கேட்கும். அவர்களுக்குக் குளிரே தெரியாது. யாராவது பேசினால் தலையை வலப்பக்கம் சாய்த்து, காடு முழுவதையும் கேட்பது போலக் கேட்பார்கள்...'

நீள விரல்களையும் சேர்த்தேன். அதுவும் போதாதென்று, கதாநாயகிக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தேன். அதுவும் கஸ்தூரியுடையதுதான். பெயரை மட்டும் மாற்றினேன். பெயரை மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடும் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எவ்வளவு சௌகரியமான நம்பிக்கை!

மாசி மாதத்தில் அந்த அத்தியாயம் வெளிவந்தது. சென்னையில் உட்கார்ந்திருக்கிற ஓவியர், கஸ்தூரியைக் கண்ணால்கூடக் காணாதவர், என் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு முழுப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார். அச்சு அசல் கஸ்தூரி. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டதா? இல்லை. பெருமையாக இருந்தது. அவ்வளவு தத்ரூபமாக எழுதியிருக்கிறேனே என்று!

ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"அம்மா, நான் கஸ்தூரி பேசறனுங்க."

"கஸ்தூரி! எப்படிம்மா இருக்கே? செக்கப்புக்கெல்லாம் ஒழுங்கா போறியா?"

 அவள் மெதுவாகக் கேட்டாள் —

"ஏனுங்கம்மா... என்னைய எழுதிப்போட்டீங்களா?"

 அவளே சொன்னாள். அந்த இதழ் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறதாம். பெண் பிள்ளைகள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். மச்சத்தை வைத்து முதலில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவளைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, அக்கா, ஒரே ஒரு தடவ காதக் காட்டுங்கக்கா," என்று கெஞ்சியிருக்கிறார்கள். உங்களுக்கு மந்திரம் வருமா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்த உற்சாகத்தில் யாரோ ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

"புள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்? ஆனா பஸ் ஸ்டாப்புல அத்தன பேரு நின்னாங்க. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரு நின்னாரு. எல்லாரும் பாத்தாங்க. பன்னண்டு வருசமா மூடி வெச்சிருந்தனுங்கம்மா..."

அழவில்லை. திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

மறுநாளே ரயில் ஏறினேன். சேலத்தில் இறங்கி பஸ். அடிவாரத்தில் டீக்காக நிறுத்தினார்கள், எனக்கு இறங்கத் தோன்றவில்லை. மேலே ஏற ஏற, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மன்னிப்பைத் தயார் செய்தேன். ஒவ்வொன்றும் அடுத்த வளைவு வருவதற்குள் எனக்கே பிடிக்காமல் போயிற்று. இருபதாவது வளைவு தாண்டியபோது கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. காப்பிச் செடிகள் பூத்திருந்தன. ஜன்னல் வழியாக மல்லிகை மாதிரி வாசனை. வேறு ஒரு நாளாக இருந்தால் அதைப் பற்றியே ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

தலைச்சோலையில் கதவைத் திறந்தது கஸ்தூரியின் மாமியார் ராமாயி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த எழுதற அம்மாவுங்களா?"

"ஆமாங்க."

"உள்ள வாங்க. காப்பித்தண்ணி குடிப்பீங்களா?"

உபசாரம்தான். ஆனால் கேட்ட தோரணை விசாரணைக்குக் கூப்பிடுவது போல இருந்தது. "எங்க சொந்தக்காரங்களுக்கே தெரியாம வெச்சிருந்தமுங்க. இப்ப நாலு சனம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. என்ற மருமக என்ன பொருட்காட்சியாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குப் போனார்.

கஸ்தூரி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. தலையில் ஸ்கார்ஃப். கையில் அந்த இதழ்.

"கேக்காம எழுதினது தப்பு கஸ்தூரி," என்றேன். "அன்னிக்கு மழையில உன்னைப் பார்த்தேன். பார்த்ததை உன்கிட்ட சொல்லாம உள்ள போய் உட்கார்ந்து எழுதிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"தப்புதானுங்க," என்றாள். பிறகு இதழைப் பிரித்தாள். "அது மட்டுமில்லீங்க. எழுதினதுலயும் நொம்பத் தப்பு இருக்குதுங்க."

பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்! எத்தனையோ எடிட்டர்களிடம் வேலை செய்திருக்கிறேன்... இப்படி ஒரு திருத்தத்தை எதிர்பார்க்கவே இல்லை.

"குளிரே தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. யாருங்க சொன்னாங்க? காது நுனியிலதானுங்க மொதல்ல குளிரு தெரியும். மத்தவங்களுக்குப் பனி எறங்கறது தெரியறதுக்கு முன்னாலயே எனக்கு இங்க விறுவிறுன்னு வந்துரும்."

நான் தலையாட்டினேன்.

"மூணு மலைக்கு அப்பால கேக்குமுன்னு போட்டிருக்கீங்க. அதெல்லாம் கேக்காதுங்க. எல்லாத்துக்கும் எப்படியோ அப்படித்தான். ஆனா முதுகுக்குப் பின்னால பேசறது மட்டும் நல்லாக் கேக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"ஒருக்களிச்சுப் படுத்தா நுனி மடங்கி வலிக்கும். அதனால எப்பவும் மல்லாந்துதான் படுக்கோணும். அத நீங்க எழுதவே இல்ல. அப்பறம் இது..." விரல் ஒரு வரியில் நின்றது. "காடு முழுக்கக் கேக்கற மாதிரி தலையச் சாச்சுக் கேப்பாங்கன்னு போட்டிருக்கீங்களே, அது கேக்கறதுக்கு இல்லீங்கம்மா. பள்ளிக்கூடத்துல எனக்கு வலது பக்கம் உக்காந்திருந்த புள்ளைங்க காதப் புடிச்சுப் புடிச்சு இழுக்கும். முசலு, முசலுன்னு. தோள்ல காத வெச்சு மறைச்சு மறைச்சு அப்படியே பழகிப்போச்சு. எட்டாவதோட படிப்பு நின்னுது. தலை மட்டும் நிமிரல."

எவ்வளவு அழகாக எழுதிவிட்டோம் என்று நான் நினைத்த வரி அது. காடு முழுவதையும் கேட்பது போல... உண்மையில் ஒரு சின்னப் பெண் தன் காதைத் தோளுக்குள் ஒளித்து வைத்த கதை. பார்ப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. நடுவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

ராமாயி காப்பியோடு வந்தார். டம்ளரை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "பொறக்கறதுக்கு இப்பிடி இல்லாம இருந்தாச் செரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஸ்தூரியின் கை வயிற்றுக்குப் போயிற்று.

"அத்தை கெட்டவங்க இல்லீங்க. பயப்படறாங்க. எனக்கும் பயந்தானுங்க." குரல் இறங்கியது. "எல்லாரும் கொழந்த கை காலு நல்லா இருக்கோணும்னு வேண்டுவாங்க. நான் காதத்தான் வேண்டறேன். பொறக்கறதுக்கு முன்னாலயே எம்புள்ள மேல நானே குத்தம் தேடற மாதிரி இருக்குதுங்கம்மா. அதுக்கு இது கேக்குமோ என்னமோ..."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

கிளம்பும்போது அவள்தான் அந்த விஷயத்தைச் சொன்னாள். "கதையில அந்தப் பொண்ணுக்கு ஒரு கொழந்த பொறக்கற மாதிரி எழுதுவீங்களா?"

"எழுதறேன். அதுக்குக் காது எப்படி இருக்கணும்?"

வாசல் பக்கம் பார்த்தாள். "அத நீங்களே முடிவு பண்ணிக்குங்க. எனக்குத் தெரியலீங்க. நீங்க எழுதினதப் பாத்தாவது எனக்கு என்ன வேணுமுன்னு தெரியுதான்னு பாக்கறேன்."

எழுத வந்து இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

வட்டக் காது என்று எழுதினால்? அம்மாவுடைய காது ஒரு கோளாறு, குழந்தைக்குச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். கூர்க்காது என்று எழுதினால்? சுலபமாக எழுதிவிடலாம்... எழுதுகிற எனக்கு வட்டக் காதுதானே! என் காதை ஆயுசில் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்ததில்லை. இதுதான் அழகு என்று அவளுக்கு உபதேசம் செய்ய எனக்கு என்ன அருகதை?

இரண்டு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். ஆசிரியர் தினமும் போன் செய்தார். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? கோழைத்தனம் செய்தேன். கஸ்தூரியின் திருத்தங்களை எல்லாம் அந்த அத்தியாயத்தில் சேர்த்தேன் — காது நுனியில் குளிர், மல்லாந்த தூக்கம், முதுகுக்குப் பின்னால் கேட்கிற பேச்சு. சோலையர் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. தலையோடு சேர்த்துத் துணியால் சுற்றி அவள் மார்பில் வைத்துக்கொள்கிறாள். சோலை முழுக்கக் கூடி நிற்கிறது. அவள் துணியை விலக்கவில்லை.

தொடரும்!

இதழ் வந்த அன்றே கஸ்தூரி கூப்பிட்டாள். "ஏமாத்திப்போட்டீங்களே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "குளிரு மட்டும் இப்பத்தானுங்க செரியா வந்திருக்குது," என்று மார்க்கும் போட்டாள்.

வைகாசியில் பெருமாள் போன் செய்தார். "பொட்டப்புள்ளைங்கம்மா. சுகப்பிரசவம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அடுத்த கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். பெருமாளுக்கும் தெரிந்திருக்கும்போல. "உங்கள நேர்ல வரச் சொன்னாளுங்க. போன்ல எதும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டயும் சொல்லிப்போட்டா," என்றார்.

பத்தாம் நாள் போனேன். கஸ்தூரி பாயில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் காற்றுப் புகக் கூடாது என்று தலையைச் சுற்றித் துணி. "அத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவ காத மூடு, காத மூடுங்கறாங்க," என்றாள். "இத்தன நாளு நானா மூடினேன். இப்ப மூடச் சொல்றாங்க. எனக்குப் புழுங்குதுங்க!"

மடியில் குழந்தை. கஸ்தூரி என்னைப் பார்த்துக்கொண்டே அதன் தலைத் துணியை விலக்கினாள். இடது காது. கூராக, சின்னதாக, வேப்பங்கொழுந்தின் நுனி மாதிரி.  அவள் குழந்தையின் தலையை மெதுவாகத் திருப்பினாள். வலது காது.

வட்டம்! சுத்தமான, சாதாரணமான, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற வட்டக் காது.

"இத யோசிச்சீங்களா?" என்றாள்.

எங்கே யோசித்தேன்! கூரா, வட்டமா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்தக் குட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வாசல்படியில் நின்றிருந்த பெருமாள், "ஒண்ணு எங்க ஊட்டுக் காது, ஒண்ணு அவிங்க ஊட்டுக் காதுங்க. சண்ட இல்ல," என்றார்.

"அடுத்த அத்தியாயத்துல இப்படியே எழுதட்டுமா கஸ்தூரி?"

"இப்பக் கேக்கறீங்களே!" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா அந்த மச்சத்த எடுத்துப்போடுங்க."

எடுத்துவிட்டேன். அந்த இதழிலிருந்து கதாநாயகிக்கு மச்சம் கிடையாது. ஒரு வாசகரும் கேட்கவில்லை.

பிறகு அவள் இன்னொரு விஷயம் சொன்னாள். "டாக்டரம்மா சொன்னாங்க. பொறந்த புதுசுல காது மடலு மெத்துன்னு இருக்குமாம். டேப் ஒட்டிக் கொஞ்ச நாளு வெச்சா அதையும் வட்டமா ஆக்கிரலாமாம். வலிக்காதாம். ஆனா இப்பவே பண்ணோணுமாம்."

இதில் என் அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. நல்ல வைத்தியம்தான். பெற்றவள் எது செய்தாலும் சரிதான்.

ராமாயி சுவரோரம் உட்கார்ந்து குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்... என்று நினைத்தேன். "நானும் மொதல்ல ஒட்டிக்கிட்டு வந்துரு கண்ணுன்னுதான் சொன்னேனுங்க," என்றார். "இப்ப எனக்கே மனசு வரல. இது பாலு குடிக்கறப்ப பாத்தீங்களா? அந்தக் கூர்க்காது மட்டும் துடுக்குத் துடுக்குன்னு ஆடுது. என்ற சாமிக்கு அது ஒரு அழகா இருக்குதுங்க."

கஸ்தூரி மாமியாரையே பார்த்தாள். ஏதோ புதிதாகக் கேட்டது போல.

அதற்குள் குழந்தை சிணுங்கியது. கஸ்தூரி இடது பக்கம் அணைத்துப் பசியாற்றினாள். கூர்க்காது மேலே வந்தது. ராமாயி சொன்னது வாஸ்தவம். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் அது ஆடியது.  குனிந்த தலை நிமிராமல் கஸ்தூரி சொன்னாள்:

"எங்காது எப்படி இருக்குமுன்னு எனக்கே தெரியாதுங்கம்மா. கண்ணாடியில பாத்தா ஓரமாப் பாதிதான் தெரியும். மத்தவங்க சொன்னதுதான் எனக்குத் தெரியும். முசலுன்னாங்க. நீங்க வெத்தலைன்னீங்க. இவளுக்குப் பாலு குடுக்கறப்ப இந்தக் காது எம்மூஞ்சிக்கு நேரா இருக்குது. மொத தடவையா இப்பத்தானுங்க முழுசாப் பாக்கறேன்."

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

நீளமான ஒரு விரலால் அந்த நுனியைத் தொட்டாள். கீழிருந்து மேலே தடவினாள். குழம்பில் உப்புப் பார்க்கிறவள் போலக் கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள். "டேப்பெல்லாம் வேண்டாமுங்க. பெரிசாயி அவளுக்கு வேணுமுன்னா அவ பாத்துக்கட்டும். ஆபரேசன் இருக்குதாமா."

நல்லாத்தான் இருக்குது... இரண்டு பக்கம் வர்ணித்தும் எனக்கு வராத வரி!